அப்பாவின் பட்டா, அப்பத்தாவின் பங்கு: வாரிசுச் சான்றில் ஒரு பெயரை விட்டுவிடலாமா?

செவல்மண் | மார்ச் 4, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இறந்து பதினொரு மாதம் ஆகிறது. எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். கண்மாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் நஞ்சை, 1994இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. அதற்குப் பட்டா அவர் பெயரில் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கும் நத்தம் பட்டா அவர் பெயரில்தான். உயில் எழுதவில்லை.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டேன். அம்மா, நான், மணமாகிப் போன தங்கை, இந்த மூன்று பெயர்தான் கொடுத்திருந்தேன். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. தாளைப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பத்தா இருக்கிறாரே, அவர் பெயர் எங்கே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் வாங்கிய நிலத்தில் தாய்க்கு எப்படிப் பங்கு வரும்?

அப்பத்தாவுக்கு 84 வயது. சித்தப்பா வீட்டில் இருக்கிறார். சித்தப்பாவும் அப்பாவும் மடைத் தண்ணீர்த் தகராறில் பேச்சை நிறுத்திப் பத்து வருடம் ஆயிற்று. அப்பத்தா பெயர் உள்ளே வந்தால் பின்னாலேயே சித்தப்பாவும் வருவார் என்று அம்மா பயப்படுகிறார். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர், "இந்த விண்ணப்பத்தை விடுங்கள். தாயார் முன்பே காலமாகிவிட்டார் என்று புதிதாகப் போடலாம். ஐயாயிரம் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். தங்கைக்கு நகை, சீர் எல்லாம் செய்துவிட்டோம். அவள் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அப்பத்தா விஷயம்தான் சிக்கல். பெயரை விட்டால் உண்மையில் என்ன ஆகும்?

பனங்கிழங்கு | மார்ச் 4, இரவு 10.15

எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். மனைவி, மக்கள், அவ்வளவுதான் வாரிசு. 84 வயதில் அவருக்கு நிலம் எதற்கு? வி.ஏ.ஓ. எதையோ எதிர்பார்த்துக் கேட்டிருப்பார்.

முன்னாள் ஆர்.ஐ. | மார்ச் 5, காலை 6.30

தம்பி செவல்மண், அந்த ஐயாயிரத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடம் வருவாய்த் துறையில் இருந்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்: உங்கள் வி.ஏ.ஓ. கேட்டது சரியான கேள்வி.

நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவர் சொத்து முதலில் 'முதல் வகுப்பு வாரிசுகள்' என்ற பட்டியலில் இருப்பவர்களுக்குப் போகும். மகன், மகள், மனைவி, தாய் நால்வரும் அதில் இருக்கிறார்கள். இறந்துபோன பிள்ளைகளின் பிள்ளைகளும் வருவார்கள், உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. இவர்களுக்குள் முந்தி பிந்தி கிடையாது, ஆளுக்கு ஒரு சம பங்கு. அம்மாவுக்குக் கால், உங்களுக்குக் கால், தங்கைக்குக் கால், அப்பத்தாவுக்குக் கால். ஒரு ஏக்கர் பன்னிரண்டில் அப்பத்தாவுக்கு 28 சென்ட்.

இந்தப் பங்கு அப்பா கண் மூடிய அன்றே அவருக்கு வந்துவிட்டது. வாரிசுச் சான்று யாருக்கும் உரிமை கொடுப்பதுமில்லை, பறிப்பதுமில்லை. இன்னார் இன்னார் வாரிசு என்று தாசில்தார் விசாரித்துச் சொல்லும் சீட்டு அது. அதில் அப்பத்தா பெயரை அடித்துவிட்டால் அவருடைய 28 சென்ட் காற்றில் கரைந்துவிடாது. நீங்கள் பொய் சொன்னதற்குச் சாட்சியாக ஒரு அரசாங்கத் தாள் மட்டும் மிச்சமாகும். பொய் உறுதிமொழி கொடுப்பது குற்ற வழக்குக்கு இடம் தரும். பிற்பாடு யாராவது ஒரு மனு போட்டால் சான்றும் ரத்தாகும், அதை வைத்து மாற்றிய பட்டாவும் ரத்தாகும். மனு எழுதுகிறவர் அப்போது வேறு மரத்தடிக்குப் போயிருப்பார்.

திண்ணை | மார்ச் 5, காலை 8.05

ஐயா, ஒரு சந்தேகம். தாய் உண்டு என்கிறீர்கள். தந்தை உயிரோடு இருந்தால் அவரும் உண்டா?

கோர்ட்டு வாசல் | மார்ச் 5, காலை 8.50

நான் மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். கட்சிக்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நம்ப மறுக்கும் இடம் இது. தந்தை முதல் வகுப்பில் இல்லை, இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். முதல் வகுப்பில் ஒரே ஒருவர் இருந்தாலும் தந்தைக்கு ஒன்றும் கிடையாது. தாத்தாவும் அப்பத்தாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும், மகன் சொத்தில் அப்பத்தாவுக்குப் பங்கு உண்டு, தாத்தாவுக்கு இல்லை. நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிராகச் சட்டம் இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. எனக்கு இது பிடித்த விதி. மாற்றாந்தாய்க்கு இது பொருந்தாது, பெற்ற தாயும் தத்தெடுத்த தாயும் மட்டுமே.

இன்னொன்று, செவல்மண். "நகை, சீர் செய்துவிட்டோம்" என்று தங்கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சீர் வேறு, பங்கு வேறு. 1989க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்று டீக்கடைகளில் ஒரு சட்டம் புழங்குகிறது. அது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றித் தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தத்தின் மிச்சம். 2005இல் நாடு முழுமைக்கும் திருத்தம் வந்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் நிலத்துக்கு அந்த விவாதமே வேண்டாம். அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்குச் சம பங்கு 1956 முதலே இருக்கிறது.

மாதாகோயில் தெரு | மார்ச் 5, காலை 10.20

எங்களுக்கும் இதேதானா? நாங்கள் கிறிஸ்தவர்கள்.

கோர்ட்டு வாசல் | மார்ச் 5, காலை 11.00

இல்லை. உங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு வராது. இஸ்லாமியர்களுக்கு மறுபடியும் வேறு கணக்கு: இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் கணக்கை நம் வீட்டுக்குப் போடக்கூடாது.

தென்னந்தோப்பு | மார்ச் 5, மதியம் 1.30

நான் இதில் அடிபட்டவன். எங்கள் அப்பா 2013இல் இறந்தார். அப்போது ஆத்தா (அப்பாவின் அம்மா) உயிரோடு இருந்தார். நான்கு மாதம் கழித்து அவரும் போய்விட்டார். சான்று வாங்கப் போனது அதற்குப் பிறகுதான். இப்போது ஆள் இல்லையே என்று அம்மா, நான், தம்பி மூன்று பெயரோடு சான்று வாங்கினோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டாவும் மாறியது. ஆறு வருடம் நிம்மதியாக வெள்ளாமை செய்தோம்.

தம்பியின் படிப்புக்காகத் தோப்பில் பாதியை விற்க முன்பணம் வாங்கினோம். வாங்குபவர் வங்கிக் கடன் போட்டார். வங்கியின் வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இறந்தவரின் தாயார் எப்போது காலமானார்? இறப்புச் சான்று கொடுங்கள்." கொடுத்தோம். இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், கோப்பு திரும்பிவிட்டது.

ஆத்தாவுக்கு அப்பாவைத் தவிர ஐந்து பிள்ளைகள். ஓர் அத்தை மலேசியாவில். ஒருவர் அப்பாவின் கல்யாணத்துக்கே வராதவர். எல்லோர் வீட்டு வாசலிலும் நின்றோம். மலேசியாவிலிருந்து பொது அதிகாரப் பத்திரம் வந்து சேர ஏழு மாதம். அதற்குள் வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான்கு மாதம் முந்தி, ஆத்தா இருக்கும்போதே செய்திருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும்.

திண்ணை | மார்ச் 5, மதியம் 2.10

அப்படியானால் செவல்மண்ணின் அப்பத்தா ஒன்றும் எழுதி வைக்காமல் காலமானால் அந்தக் கால் பங்கு முழுவதும் சித்தப்பாவுக்கா?

கோர்ட்டு வாசல் | மார்ச் 5, மாலை 4.40

முழுவதும் இல்லை. ஓர் இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால் அவர் சொத்து மகன்கள், மகள்கள், கணவன் ஆகியோருக்குப் போகும். முன்பே இறந்த பிள்ளையின் பிள்ளைகளும் தங்கள் பெற்றோரின் இடத்தில் நின்று வாங்குவார்கள். தாத்தா இல்லை, சித்தப்பாவும் ஓர் அத்தையும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கால் பங்கு மூன்றாகப் பிரியும். சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒன்று, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒன்று, செவல்மண்ணுக்கும் தங்கைக்கும் சேர்த்துப் பன்னிரண்டில் ஒன்று. மருமகள் என்ற முறையில் அவருடைய அம்மாவுக்கு அதில் எதுவும் வராது. 28 சென்ட்டில் சித்தப்பாவுக்கு ஒன்பது சென்ட் சொச்சம். அம்மா பயப்படும் அளவு பெரிய பூதம் இல்லை. ஆனால் ஒன்பது சென்ட் வைத்திருப்பவரும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், மொத்த நிலமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்.

பனங்கிழங்கு | மார்ச் 5, இரவு 7.25

பட்டா கையில் இருந்தால் வழக்குப் போட்டு என்ன செய்துவிட முடியும்? பட்டாதானே உரிமை.

முன்னாள் ஆர்.ஐ. | மார்ச் 5, இரவு 8.00

இல்லை ஐயா. பட்டா என்பது வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வருவாய்த் துறை வைத்திருக்கும் பதிவு. உரிமைக்கு ஆதாரம் பத்திரமும் வாரிசுரிமையும்தான். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. 1983ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்திலேயே, உரிமைத் தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் என்று வைத்திருக்கிறார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது, எத்தனை பேர் பெயர் இடம் மாறி ஏறியது என்று எனக்குத் தெரியும். திருத்தக் கோரும் மனுக்களைத் தூக்கித் தூக்கியே எனக்குத் தோள்வலி. அன்றைய எழுத்துப்பிழைகளெல்லாம் உரிமையாகிவிட்டால் ஊரில் பாதி நிலம் வேறு ஆள் கைக்குப் போயிருக்கும்.

அத்தைமகள் | மார்ச் 6, காலை 5.50

நேற்று முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். சென்ட் கணக்குப் போட்டாகிவிட்டது, சித்தப்பாவின் பங்கைப் பன்னிரண்டால் வகுத்தாகிவிட்டது. அப்பத்தாவிடம் யாராவது கேட்டீர்களா?

பெற்ற மகனைப் பறிகொடுத்தவர் அவர். மகன் சொத்தில் தனக்குப் பங்கு இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு பக்கம் பேரன் 'இறந்துவிட்டார்' என்று எழுதலாமா என்று யோசிக்கிறார். இன்னொரு பக்கம் சித்தப்பா வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். என் பாட்டியிடம் அப்படித்தான் வாங்கினார்கள். ரேஷன் கார்டு வேலை என்று சொல்லி ஆட்டோவில் அழைத்துப்போய், தான செட்டில்மென்ட்டில் கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள். கடைசி இரண்டு வருடம் அவருக்குக் காபிக்குச் சர்க்கரை கூட எண்ணித்தான் கிடைத்தது.

கடுமையாக எழுதியதற்கு மன்னியுங்கள், செவல்மண். நேரில் போய்ப் பேசுங்கள்.

செவல்மண் | மார்ச் 6, காலை 9.15

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அக்கா. உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றேன். அப்பா காரியத்துக்கு அப்பத்தா வந்தபோது பார்த்ததுதான். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

போகும் முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்பத்தா எங்களுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் எப்படிச் செய்வது?

கோர்ட்டு வாசல் | மார்ச் 6, பகல் 12.30

முதலில் நால்வர் பெயரோடு சான்று வாங்குங்கள். பிறகு வழிகள் உண்டு. ஒன்றுமே எழுதாமல் நால்வர் பெயரில் கூட்டுப் பட்டா வாங்கி, இப்போது போலவே பயிர் செய்யலாம். அவசரமாக விற்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இதுவே போதும்.

அப்பத்தா தன் பங்கை விட்டுக்கொடுப்பதானால் அது பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர் இருவர் கையெழுத்துப் போட்டால் செல்லாது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு முறையே 40,000, 10,000. யார் பெயருக்கு எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பேரன், பேத்தி இந்தச் சலுகைக்கான குடும்ப உறவுப் பட்டியலில் வருகிறார்கள். மருமகள் பெயருக்கு எழுதுவதாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயில் என்றால் அப்பத்தா இருக்கும்வரை பங்கு அவருடையது, மனம் மாறினால் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்வதே நல்லது. இருக்கும்போதே தானமாகக் கொடுக்கும் செட்டில்மென்ட் எழுதினால், கடைசிவரை தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுத்து ரத்து கேட்கலாம். அத்தைமகளின் பாட்டிக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நடக்க முடியாதவர் என்றால் உரிய கட்டணம் கட்டினால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை.

வளையல்காரர் | மார்ச் 6, மாலை 3.00

குறுக்கே ஒரு கேள்வி. என் அண்ணன் வங்கிக் கணக்கில் அண்ணியைத்தான் நாமினியாகப் போட்டிருந்தார். பணம் முழுவதும் அவருக்கா?

கோர்ட்டு வாசல் | மார்ச் 6, மாலை 3.20

வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் உரிமை நாமினிக்கு. வாங்கியதை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருக்கே. உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. காப்பீட்டுத் தொகைக்கு வேறு விதிகள் இருக்கின்றன. தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

செவல்மண் | மார்ச் 9, இரவு 10.50

போய் வந்தேன். தங்கையையும் அழைத்துப் போனேன்.

சித்தப்பா திண்ணையில் இருந்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். சித்திதான் மோர் கொடுத்தார். அப்பத்தாவிடம் சட்டத்தை விளக்கினேன். "உன் அப்பன் நிலத்தில் எனக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு என்றார். 28 சென்ட் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. உடனே எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன், மறைக்கவில்லை. அவர் சொன்னது: "என் பெயர் இருக்கட்டும். வருடத்துக்கு நாலு மூட்டை நெல் எனக்குக் கொண்டுவந்து போடு. நீயே கொண்டுவா, ஆள் விட்டு அனுப்பாதே."

வரும் வழியில் தங்கை, "அப்படியென்றால் என் பெயரும் இருக்கட்டும் அண்ணா" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அம்மாவுக்கு இன்னும் மனம் சமாதானமாகவில்லை. நால்வர் பெயரையும் போட்டுப் புது விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், கட்டணம் 60 ரூபாய்.

முன்னாள் ஆர்.ஐ. | மார்ச் 10, காலை 6.20

சான்று வந்ததும் பட்டா மாற்றத்துக்கு இ-சேவையிலேயே போடுங்கள். உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தை அளந்து துண்டாகப் பிரிக்காத கூட்டுப் பட்டா என்பதால் சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டாம். 1994 கிரயப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நால்வரின் ஆதார் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் இலவசமாகப் பார்க்கலாம். அப்பா எங்காவது அடமானம் எழுதியிருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் நிலுவை இருக்கிறதா என்பதையும் நேரில் போய்க் கேளுங்கள்.

செவல்மண் | ஏப்ரல் 17, இரவு 8.30

ஐந்து வாரம் ஆயிற்று, சான்று வரவில்லை. கேட்டால் 'மேலே இருக்கிறது' என்கிறார்கள். ஒரே மாடிதான் அந்தக் கட்டடம்.

திண்ணை | ஏப்ரல் 17, இரவு 9.10

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசமிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 'என் விண்ணப்ப எண் இன்னது. அது எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, எந்தத் தேதியில் அவரிடமிருந்து போனது, பதிவேட்டின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் பதில் வருவதற்குள் சான்றே வந்துவிடும்.

செவல்மண் | மே 14, மாலை 6.40

திண்ணை அண்ணா சொன்னபடியே நடந்தது. மனு போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் சான்று வந்தது. தகவல் மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை, அது வேறு கதை. கூட்டுப் பட்டாவும் நேற்று வந்துவிட்டது.

ஒரு சிக்கல். கணினியில் ஏற்றியபோது அப்பத்தா பெயரின் கடைசியில் இருந்த 'அம்மாள்' விழுந்து, ஆண் பெயராகிவிட்டது. தாத்தா பெயரைப் போட்டு, அவருக்கு 'மகன்' என்று உறவுமுறை வேறு போட்டிருக்கிறார்கள். இப்போது பட்டாவின்படி அப்பத்தா எனக்குச் சித்தப்பா முறை. படித்துக் காட்டினேன், சிரித்து இருமலே வந்துவிட்டது அவருக்கு. உள்ளேயிருந்து உண்மையான சித்தப்பாவும் சிரித்தது கேட்டது. இதை எங்கே திருத்துவது?

முன்னாள் ஆர்.ஐ. | மே 15, காலை 6.10

உங்கள் தாலுகாவில் ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) எந்தத் தேதியில் என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள். உங்கள் பிர்க்காவுக்கு (குறுவட்டம்) உரிய நாளில் வாரிசுச் சான்று, அப்பத்தாவின் ஆதார் நகல், பட்டா நகல் மூன்றையும் இணைத்து மனுக் கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உறவுமுறைக் கட்டத்தில் 'மனைவி' என்று திருத்தக் கேட்டு மனுவிலேயே தனி வரியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் பெயரை மட்டும் திருத்திவிட்டு 'மகன்' என்பதை அப்படியே விட்டுவிடுவார்கள்.